பத்து விநாடிகள்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூடுகைகளில் சுகமடைந்து வீடு திரும்பியவர்களைப் பற்றிச் சொல்வது எங்கள் வழக்கம். இன்று ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். ஜெனரேட்டர் அறையின் சுவரோரம் ஒரு பீரோவைப் போல அது நிற்கிறது. அதன் பெயர் தானியங்கி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். நோயாளிகளில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும்: கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலை கல்வராயன் மலைமேல் ஏறுகிறது. வெள்ளிமலையைச் சுற்றிலும் மலையாளி மக்களின் ஊர்கள். மின்கம்பிகள் மரங்களுக்கு நடுவேதான் போகின்றன. ஆடிக் காற்றில் ஒரு கிளை முறிந்தாலும் போதும், பல ஊர்கள் இருட்டாகிவிடும். அடிவாரமும் தப்புவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்கவில்லை.

இந்தப் பெட்டி வருமுன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஒரு மழை இரவில் மலையிலிருந்து ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவளைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. அந்த விஷம் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நினைவு இருக்கும்போதே மூச்சு நின்றுபோகும். விஷமுறிவு மருந்து கொடுத்தோம், வென்டிலேட்டரில் வைத்தோம். நள்ளிரவுக்குப் பின் கரண்ட் போய்விட்டது. வென்டிலேட்டரின் உள் பேட்டரி பழையது. அதுவும் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. நர்ஸ் உடனே ஆம்பு பையை எடுத்துக் கையால் மூச்சுக் கொடுக்கத் தொடங்கினார். வாட்ச்மேன் சாவியைத் தேடி, டார்ச்சுடன் மழையில் ஓடி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, கைப்பிடியை இழுத்து மாற்றி விளக்கு எரிய ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடமும் நர்ஸின் கை நிற்கவில்லை. தேவ கிருபையால் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிரவு அந்த வார்டில் அப்படி இரண்டு பேர் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை.

பெட்டி செய்கிற வேலை இதுதான். மின்வாரியத்திலிருந்து வருகிற மூன்று பேஸ்களையும் அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பேஸ் விழுந்தாலும், மின்னழுத்தம் மிகவும் குறைந்தாலும், இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பார்க்கிறது. கண்சிமிட்டுவது போல் வந்துபோகிற தடைக்கெல்லாம் அது ஜெனரேட்டரை எழுப்புவதில்லை. தடை நீடித்தால் இன்ஜினுக்கு உத்தரவு போகிறது. ஜெனரேட்டரின் வோல்ட்டேஜும் வேகமும் சரியான அளவுக்கு வந்த பிறகே லோடை அதன் மேல் மாற்றுகிறது. உயிர்காக்கும் கருவிகளுக்கு 10 விநாடிக்குள் மாற்று மின்சாரம் வரவேண்டும் என்பது அமெரிக்க நாட்டு விதி. அந்த அளவையே நாங்களும் எங்களுக்கு வைத்துக்கொண்டோம். லைன் கரண்ட் திரும்பியவுடன் பெட்டி அவசரப்பட்டு மாறுவதில்லை. சில நிமிடங்கள் அது நிலையாக நிற்கிறதா என்று பார்த்தே மாறுகிறது. அதன் பிறகும் இன்ஜினைச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்தபின் நிறுத்துகிறது.

இன்னொரு காரியமும் உண்டு. இரண்டு மின்சாரமும் ஒருபோதும் ஒன்றாகச் சேராதபடி உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. அது இல்லாவிட்டால் நம்முடைய ஜெனரேட்டரின் மின்சாரம் வெளியே உள்ள கம்பிக்குப் போய்விடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனின் உயிர் போய்விடும். நம்முடைய வெளிச்சம் இன்னொரு வீட்டை இருளாக்கக் கூடாதல்லவா?

ஆனாலும் இந்தப் பெட்டியிருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த 10 விநாடிகளையும் தாங்குவதற்கு வென்டிலேட்டருக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நல்ல யு.பி.எஸ். வேண்டும். இன்ஜினை எழுப்புகிற பேட்டரி செத்திருந்தால் உத்தரவு போயும் பயனில்லை. ஜெனரேட்டர்கள் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரியே காரணம்.

2019 மே 7 மாலை காற்றும் மழையும் அடித்தபோது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் தடைப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்த சிலர் இறந்தார்கள். மின்தடையே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள்; அவர்கள் முன்பே மிகவும் மோசமான நிலையில் இருந்தார்கள் என்றது மருத்துவமனை நிர்வாகம். தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அப்படிப்பட்ட கேள்வி நம் வாசலில் எழும்பாதபடி விழித்திருப்பது நம் வேலை. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றிலேயே மாற்று மின்சாரம் நின்று, நோயாளிகளை இருட்டில் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள். பணக்கார நாட்டிலும் அப்படி நடந்தது.

ஆகையால் சனிக்கிழமை தோறும் காலையில் மெயினை நாங்களே நிறுத்துகிறோம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து விநாடிகளை எண்ணுகிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார். டீசல் அளவும் பேட்டரியின் நிலையும் அதே நோட்டில் ஏறுகின்றன. ஒரு சனிக்கிழமை இன்ஜின் எழும்பவில்லை. பேட்டரி முனையில் பூஞ்சை போல் உப்புப் படிந்திருந்தது. அதை ஒரு பகல் நேரத்தில் கண்டுபிடித்தோமே என்று ஸ்தோத்திரம் பண்ணினோம்.

பிரியமானவர்களே, பத்துக் கன்னிகைகளின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது; எண்ணெய்தான் ஐந்து பேரிடம் இல்லை. பெயர் பொறித்த பெட்டி வாங்கித் தர மனமுள்ளவர்கள் கிடைக்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பேட்டரிக்கும், ஃபில்டருக்கும், சோதனைக்கு எரிகிற டீசலுக்கும் கொடுக்கிறவர்கள் குறைவு. அதில் ஒருவருடைய பெயரையும் பொறிக்க முடியாது. அப்படிக் கொடுத்தவர்களும் உங்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. அடுத்த முறை மலையில் மரம் சாய்ந்து விளக்கு அணையும்போது, நாங்கள் பத்து வரை எண்ணுவோம். நீங்கள் கொடுத்தது அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.