மணலில் ஒரு வாடி

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலுக்காக, மியன்மார் நாட்டின் யங்கோன் நகர்ப்புறத்து ஷ்வேப்யிதாவிலிருந்து எழுதி அனுப்பப்பட்டு, மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உரை)



நான் ஏ.எல். வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் படிக்கக் குடும்ப நிலைமை விடவில்லை. இப்போது ஷ்வேப்யிதாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். லீவு கிடைக்காதபடியால் நேரில் வர முடியவில்லை. எனக்குப் பதிலாக என் தம்பி இதை வாசிக்கிறான். சொல்லுக்கு நான் பொறுப்பு, குரலுக்கு அவன் பொறுப்பு.

இந்தத் தலைப்பில் எழுதச் சொன்னதும் தம்பிதான். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் போகிற சில குடும்பங்கள், கற்பிட்டிக்கு வடக்கே உள்ள தீவுகளில் கடற்கரைக் குடில் எடுத்து இரண்டு இரவு தங்க யோசித்திருக்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்டு ஒரு பெரியவர் கூட்டத்தில் எழும்பி, "ஓலைக் குடிசையிலை கிடந்து சீரழிஞ்சுதானே இஞ்சை வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துப் போய் ஓலைக் குடிசையிலை படுக்கிறதோ?" என்று கேட்டாராம். பிள்ளைகள், "அது ஹொலிடே ஐயா" என்று சொன்னார்களாம். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு வளர்ந்ததாம்.

இரண்டு பக்கத்துக்கும் நான் சொந்தக்காரன். அகதியாக ஓலைக்குள் வளர்ந்தவன். பிறகு அதே கற்பிட்டித் தீவொன்றில் மூன்று மாதம் வாடியில் இருந்தவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கற்பிட்டிக் குடாநாடு நீளமாகக் கிடக்கிறது. அதற்கு வடக்கே மணல் தீவுகள் வரிசையாகப் போகின்றன. உச்சமுனை, பத்தலங்குண்டு என்று பெயர்கள். பத்தலங்குண்டு தொலைவில் உள்ளது. கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். மேற்கே நின்று பார்த்தால் பெருங்கடல் அடித்துக்கொண்டு இருக்கும். தீவைக் குறுக்கே நடந்து கிழக்கே போனால் குடா, குளம் போலக் கிடக்கும். இப்படிப்பட்ட தீவுகளைத் தடுப்புத் தீவு என்று சொல்லுவார்கள். அலையின் கோபத்தைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற களப்பையும் கண்டற் காட்டையும் இறால் குஞ்சையும் காப்பாற்றுகிற மணல் மதில் அது.

அந்த மதில் ஒரே இடத்தில் நிற்காது. காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் மணலை எடுத்து இன்னொரு பக்கம் போடும். அதைக் கொஞ்சமாவது கட்டிப்போடுவது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். இப்படி நகரும் மணலில் கல்வீடு கட்டினால் அத்திவாரத்தைக் கடல் கேட்கும். ஓலை வீட்டைக் கழற்றிப் பின்னுக்கு எடுத்துக் கட்டலாம். ஏழ்மையால் மட்டும் அங்கே ஓலை வரவில்லை என்பதை அந்தப் பெரியவருக்கு நான் பணிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2009ஆம் ஆண்டு ஏ.எல். சோதனை எழுதி முடித்த கையோடு, கற்பிட்டிப் பக்கம் கலியாணம் முடித்த என் மாமா என்னைப் பத்தலங்குண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன்பிடிக்காரர் தங்குகிற குடிலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் வாடி. அவருடைய வாடி நாலு மூலைக்கும் காட்டுத் தடி, மேலுக்கும் பக்கத்துக்கும் தென்னோலைக் கிடுகு. தரை வெறும் மணல். விளக்குமாறு தேவையில்லை, காலையில் மேல் மணலைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் புது வீடு. வாசல் காற்றுக்கு முதுகு காட்டியபடி குடாப் பக்கம் பார்க்கும். உள்ளே வலை, கயிறு, அரிசிச் சாக்கு, உப்பு, ஒரு ரேடியோ. வெளியே கருவாடு காயப்போடுகிற பந்தல். அந்த வாசம் உடுப்பில் ஏறினால் மாதக்கணக்கில் இறங்காது. பக்கத்து வாடிகளில் நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள். சிங்களம் பேசுவார்கள், தமிழும் விளங்கும். சுறாப் புட்டு அவித்தால் கிண்ணம் இரண்டு பக்கமும் போய்வரும்.

சுகத்தை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். மலசலகூடம் இல்லை. ஆண்கள் மணல் மேட்டுக்குப் பின்னால் போவோம். பெண்களும் பிள்ளைகளும் இருட்டும்வரை காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்த இரவில் கடல் கொந்தளித்தபடியால் விடியும்வரை வள்ளம் இறக்க முடியவில்லை. தாய் உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் காப்பாற்றினாள். கடற்கரைக் குடிலின் அழகான படங்களில் இந்த இரவு வராது.

இனித் தண்ணீர். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுற்றிவரக் கடல், நடுவில் மணல். ஆனாலும் குடிக்கிற தண்ணீர் இருக்கிறது. ஆள் உயரம் கூட இல்லாத துரவு ஒன்று தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கூட இரண்டு முழம் தோண்டுவோம் என்று நான் மண்வெட்டியை எடுத்தபோது மாமா தடுத்தார். "ஆழத் தோண்டாதை தம்பி. கீழை இருக்கிறது கடல். மேலை மிதக்கிறதுதான் எங்கடை தண்ணி" என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானம் என்று பிறகுதான் அறிந்தேன். மழைநீர் மணலில் இறங்கி, பாரம் கூடிய உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும் என்பது பொதுவான கணக்கு. திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறி வரலாம். சிரட்டையால் அள்ளிக் குடித்தால் தலைமுறைக்கும் வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கிணறு உவர்த்துப்போகும். பிறகு அது மாற எத்தனை மழை வேண்டும்!

இதே தண்ணீர்தான் எங்களில் பலரைக் காப்பாற்றியது. தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். இராமேசுவரம் தீவின் வாலில் மெல்லிய மணல் நாக்கு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் வந்து, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்பு வரைக்கும் போனார்கள் எங்கள் பாட்டன்மார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ரயிலையும், அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும், ஊரையும் கொண்டுபோனது. கல்லில் கட்டிய தேவாலயமும் ரயில் நிலையமும் இன்றைக்கும் இடிந்து கிடக்கின்றன. மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டார்கள். மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தார்கள்.

1990இல் என் அம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து வள்ளம் ஏறினார். ஓட்டி எல்லோரையும் ஒரு மணல் திட்டில் இறக்கி, "அந்தா தெரியுது இந்தியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பகல் முழுக்க வெயிலில் இருந்த பிறகு வேறொரு வள்ளம் ஏற்றி தனுஷ்கோடிக் கரையில் விட்டது. அங்கே ஒரு மீனவப் பெண் தன் குடிசைக்குள் கூப்பிட்டு, ஊற்றுத் தண்ணீரில் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். பிறகுதான் மண்டபம் முகாம். அந்தக் குடிசையைத்தான் அம்மா "நாங்கள் இந்தியாவிலை தங்கின முதல் வீடு" என்று சொல்லுவார். இப்படியான கதை இந்த மண்டபத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்! அது பழைய கதையும் இல்லை. 2022 மார்ச்சில், இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது, கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை இதே திட்டுகளில் ஒன்றிலிருந்துதான் இந்தியக் கடலோரக் காவற்படை மீட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கேட்கக் கசப்பாக இருக்கலாம். அதே 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் பலர் வள்ளம் ஏறித் தெற்கே கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். ஒரே கடலில் நாங்கள் வடமேற்கே போனோம், அவர்கள் தெற்கே போனார்கள். இரண்டு பக்கமும் கிடைத்தது மணலும் ஓலையும். புத்தளம், கற்பிட்டி முகாம்களில் இருபது வருடம் கிடுகுக் கூரைக்குள் இருந்தவர்கள் உண்டு. நீங்கள் தங்கப் போகிற குடிலுக்கு வள்ளம் ஓட்டுகிறவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். "எந்த ஊர்?" என்று கேளுங்கள். மன்னார் என்று சொன்னால், நாங்களும் மன்னார்தான் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

ஷ்வேப்யிதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிய மொழியில் ஷ்வே என்றால் பொன். பெயரில் பொன் இருந்தாலும், ஆற்றுப் பக்கத்துக் குடியிருப்புகளில் மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக் கூரையும் பார்க்கலாம். என்னோடு வேலை செய்கிற பெண்களில் பலர் ஐராவதி டெல்டாக்காரர். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். அதற்குப் பிறகு டெல்டாவிலிருந்து வேலை தேடி இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள் அதிகம். அவர்களில் ஒரு பெண்ணுக்குத் தனுஷ்கோடிக் குடிசைப் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் எங்கே எடுப்பார்கள்?" என்றுதான் கேட்டாள். அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும்.

ஆகவே, போகலாமா கூடாதா? போங்கள் என்பதுதான் என் கருத்து. ஐயா, அந்தக் குடிசை எங்களுக்கு அவமானமில்லை. எங்களை உயிரோடு வைத்திருந்த வீடு அது. அதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். தம்பி தங்கைகளே, அது வெறும் ஹொலிடேயும் இல்லை. உங்களுக்கு இரண்டு இரவு, அங்கே உள்ளவர்களுக்கு அதுவே வாழ்க்கை. இந்தத் தீவுகளில் பதினான்கைச் சேர்த்து உல்லாசத் தலமாக்கப் போகிறோம் என்று அரசாங்கம் திட்டம் போட்டபோது, வாடி போடுகிற கரை பறிபோகும் என்று மீனவர்கள் பயந்து எதிர்த்தார்கள். எங்கள் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

மூன்று வேண்டுகோள். ஒன்று, காசு அந்தத் தீவுக் குடும்பத்தின் கைக்குப் போகிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள். இரண்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். துரவில் மோட்டார் வைத்து நீச்சல் குளம் நிரப்புகிற இடமென்றால் அங்கே போகாதீர்கள். குடிதண்ணீரைக் கற்பிட்டியிலிருந்தே கொண்டு போங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். மூன்று, ஒரு பின்னேரமாவது தாத்தாவோ அம்மம்மாவோ வள்ளம் ஏறி வந்த கதையைப் பிள்ளைகளுக்கு அந்த மணலில் இருந்து சொல்லுங்கள். இங்கே சொன்னால் ஒரு காதால் கேட்பார்கள். அங்கே காலில் மணல் ஒட்டும்போது சொன்னால் மறக்க மாட்டார்கள்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். தனிக் கொடியைக் காற்று பிடுங்கிவிடும். பின்னிக்கொண்டு படர்ந்தால் ஒரு தீவையே பிடித்து வைத்திருக்கும். நாடு நாடாகச் சிதறிய எங்களை இப்படியான சங்கங்கள்தான் பின்னி வைத்திருக்கின்றன.

நீங்கள் அங்கே கைவிசேஷம் கொடுக்கிற நாட்களில் இங்கே பர்மியர்கள் திஞ்சான் கொண்டாடித் தெருவெல்லாம் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீரால் தொடங்குகிற ஆண்டு நல்ல ஆண்டு. எல்லோர் கிணறும் இனித்திருக்கட்டும்.