விஷம் உடலுக்குப் பழகுமா?



காய்கறி சாகுபடி செய்வோரிடம் பேசும்போதெல்லாம் நாம் தவறாமல் கேட்கும் சொல் ஒன்றுண்டு. "பல வருஷமாக மருந்து அடிக்கிறோம், உடம்புக்குப் பழகிவிட்டது" என்பதே அது. இந்த நம்பிக்கை சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்பது ஒரு முக்கிய வகை. நரம்புகள் தசைகளுக்கு இடும் கட்டளையை உரிய நேரத்தில் நிறுத்துவதற்கு நம் உடலில் ஒரு நொதி இருக்கிறது. இவ்வகை மருந்துகள் அதனை முடக்கிவிடுகின்றன. இழந்ததை உடல் ஈடுசெய்ய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மீண்டும் தெளித்தால் இருப்பு மேலும் குறைகிறது. ஆகவே, விஷம் பழகுவதில்லை. உடலின் சேமிப்பே கரைகிறது. கத்தரிக்கும் வெண்டைக்கும் அடிக்கடி தெளிப்பவர், வழக்கமான அளவிலேயே ஒரு நாள் மயங்கி விழக்கூடும். தலைவலி, மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல், தசைத் துடிப்பு ஆகியவற்றை வெறும் களைப்பென்று தள்ளிவிடலாகாது.

2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்தோரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் அல்லர். வயலில் வேலை செய்தவர்கள்.

தெளிப்பவர் உடலில் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகிறது. நீர் சேராத மருந்தைக் கலக்கும் நேரமே மிகுந்த அபாயம் உடையது. அப்போது ரப்பர் கையுறை அணிந்து, நீண்ட கோலால் கலக்குதல் வேண்டும். தெளிக்கையில் உடல் முழுதும் மூடும் உடையும் முகமூடியும் தேவை. காற்றை எதிர்த்துத் தெளித்தலும், அடைபட்ட முனையை வாயால் ஊதுதலும் கூடா. வேலை முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளித்து, அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். அதை வெறுங்கையால் துவைக்கும் பெண்மக்களுக்கும் தீங்கு உண்டு என்பதை மறவாதீர்கள்.

மருந்துப் புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் தீங்கற்றதன்று. மானோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளுக்குத் தெளிக்க 2005ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. தெளித்தபின் காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் சீட்டில் பார்த்து நடத்தல் அவசியம். அது உண்போரின் உயிரைக் காப்பது.

எவருக்கேனும் நஞ்சு தாக்கினால், உடனே வயலை விட்டு அகற்றி, உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். 108 வண்டியை அழையுங்கள். மருந்துப் புட்டியின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை தாமதியாது.

பஞ்சாயத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் இதனைப் பேசுங்கள். குடிநீர்க் கிணற்றருகிலும் குளக்கரையிலும் தெளிப்பான் கழுவுவதைத் தடுங்கள். காலிப் புட்டிகள் வீட்டு உபயோகத்துக்குச் செல்லாதபடி துளையிடச் செய்யுங்கள். துளைத்த காயையும் தண்டையும் கிள்ளி அழித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தல் ஆகியவற்றால் மருந்தடிக்கும் தடவைகளைக் குறைக்கலாம். குறையும் ஒவ்வொரு தடவையும் நம் உடலின் சேமிப்பில் மிஞ்சும் என்பதை நினைவிற் கொள்வோமாக.