கோவிவன் காத்த நிரை



தேய்பிறை அட்டமிதோறும் திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் திருக்கோயிலுக்கு அன்பர்கள் திரளாகச் செல்கின்றனர். ஆங்குள்ள சொர்ண ஆகர்ஷண பைரவரை வழிபட்டு மீள்கின்றனர். பைரவருக்கு ஊர்தி நாய் என்பதனைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் ஒருவரை ஏச வேண்டின் நம் நாவில் முந்தி வருவதும் அப்பெயரே. (மணிவாசகப் பெருமான் தம்மை நாயேன் என்றது பணிவு பற்றி, அதனை வசவுக்குச் சான்றாக்கற்க.) நம் முன்னோர் அவ்வுயிரை எங்ஙனம் மதித்தனர் என்பதற்குக் கல்லொன்று சான்றாக நிற்கின்றது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் என்னும் சிற்றூரில் உள்ள நடுகல் அது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடுக்கப்பெற்றது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமை நிரையைக் கள்வரிடமிருந்து மீட்கப் பொருது பட்டான். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் உண்டு. அதற்கெனத் தனியே ஒரு தொடர் பொறித்துள்ளனர். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காத்திருந்தது என்பது அத்தொடரின் பொருள்.

பேரரசர் பெயர் பொறித்த கல்லிலேயே நாயின் பெயரும் பொறிக்கப்பட்டது என்பதனை எண்ணிப் பாருங்கள்! அக்காலத்து மாந்தர் எத்துணையோ பேருடைய பெயர் நமக்குக் கிட்டவில்லை. கோவிவன் பெயர் கிட்டியுள்ளது. காத்திருத்தல் என்னும் சொல்லையும் நோக்குக. இன்று அதற்கு வரவு பார்த்திருத்தல் என்றே பொருள் கொள்கிறோம். ஈண்டு அது காவல் செய்தலாம். தலைவன் மாண்டபின் ஏவுவார் எவருமிலர். ஆயினும் காவல் நின்றது.

இற்றைப் பொருளில் காத்திருந்த நாயும் உலகில் உண்டு. சப்பான் நாட்டில் 1925ஆம் ஆண்டு மறைந்த பேராசிரியர் ஒருவரை எதிர்நோக்கி, சிபுயா தொடர்வண்டி நிலையத்திற்கு 1935 வரை வந்துகொண்டேயிருந்தது ஹச்சிகோ.

பாரதத்தில் செய்தி வேறு. தருமனைப் பின்தொடர்ந்து நாயொன்று இறுதிவரை நடந்தது. துணைவியும் தம்பியரும் வழியில் வீழ்ந்தனர். இந்திரன் தேருடன் வந்து, நாயை விட்டு ஏறுக என்றான். அடைக்கலமாக வந்ததைக் கைவிட்டுப் பெறும் துறக்கம் வேண்டா என மறுத்தான் தருமன். நாயின் நன்றியைப் போற்றுவார் பலர். அந்நாய்க்கு மனிதன் கடப்பாடுடையன் எனக் காட்டிய இடம் இதுவே. யாம் இதனையே பெரிதெனக் கொள்வோம்.

வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஆட்டுக்கிடை போடுவோரைக் கேளுங்கள். பகலெல்லாம் மேய்த்த களைப்பில் கிடைக்காரர் உறங்கிவிடுவர், நாய் உறங்காது. அயலார் அடியோசை கேட்பின் முதலில் எழுவதும் அதுவே. பல்லும் காலும் தளர்ந்தபின் அதனையும் கஞ்சி ஊற்றிக் காப்போர் உளர். நகரத்திலோ, ஆசையுடன் வாங்கி வளர்த்து, முதுமையில் வண்டியிலேற்றிக் கோயில் வாசலிலோ சந்தைத் திடலிலோ இறக்கிவிட்டுச் செல்வோரும் உளர். கோயிலில்தான் சோறு கிடைக்குமே என்று அவர்கள் தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்வர்.

அங்ஙனம் விடப்பட்டவற்றை யாம் கண்டதுண்டு. பிரசாதம் இட்டாலும் உடனே உண்பதில்லை. வண்டி சென்ற திசையையே நோக்கிப் படுத்திருக்கும். ஒவ்வொரு வண்டியின் ஓசைக்கும் தலை நிமிரும்.