அரியலூரில் அலையெறிந்த கடல்



அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் இன்று அலையோசை இல்லை. எனினும் மழையறுத்த ஓடைகளில் சுறாப்பற்கள் கிடைக்கின்றன. அவை அங்கு வந்த வரலாற்றைச் சிறிது உரைக்க விழைகின்றேன்.

நம் நிலமும் அண்டார்க்டிக்க நிலமும் ஒருகாலத்து ஒட்டிக் கிடந்தவை. அவை பிரிந்தபின் பிளவின் விளிம்பு தாழ்ந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அத்தாழ்நிலத்துட் கடல் புகுந்தது. முதற்கண் தெளிந்த, ஆழமற்ற நீரில் பவழமும் பாசியும் திட்டுகளாய் வளர்ந்தன. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் அவற்றின் உடலே! அவ்வூர்ப் பெயரை மீட்க 1953-இல் தமிழர் போராடினர். நிலநூலாரோ அப்பாறையை இன்றும் டால்மியாபுரம் அடுக்கு என்றே எழுதுகின்றனர்.

பின்னர்க் கடல் ஆழ்ந்தது. காரையில் படிந்த களிமண்ணுள் கணவாய்க்கு உறவான அம்மோனைட்டுகள் நிறைந்துள்ளன. ஆட்டுக்கடாக் கொம்புபோற் சுருண்ட ஓடுடையவை அவை. எகிப்தியரின் கொம்புடைத் தெய்வமாகிய அம்மோன் பெயரால் அழைக்கப்பட்டன. நாம் சுருளோட்டுயிரி என்போமே! 1862-இல் பிளான்போர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். உயிரெச்சங்களைச் சுதோலிச்கா விரித்தெழுதினார். இருவரும் அயலார், நம் கல்லை நமக்குக் காட்டியோர் அவர்களே.

கருடமங்கலத்தில் கடல் மீண்டும் ஆழங்குறைந்து, சிப்பியும் நத்தையும் மண்டிற்று. சாத்தனூரில் 1940-இல் கிருட்டிணன் கண்டறிந்த 18 மீட்டர்க் கல்மரம், கடலுக்கு அடித்து வரப்பட்டு மணலில் அமிழ்ந்ததே. கல்லங்குறிச்சியிலோ சிப்பிகள் பாறையாகவே அடுக்குண்டு கிடக்கின்றன. பிறகு கடல் விலகியது. கல்லமேட்டு மணலில் டைனோசர் எலும்புகள் உள.

6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவுக்குப்பின் கடல் நின்னியூரிற் புகுந்தபோது, சுருளோட்டுயிரி ஒன்றும் இல்லை. அவற்றின் உறவாகிய நாட்டிலசு மட்டும் எஞ்சியிருந்தது. அவ்வினம் இன்றும் வாழ்கின்றது.

இக்கடலைக் குமரிக்கண்டக் கடல்கோளோடு பிணைத்தல் ஆகாது. அன்று மாந்தனே தோன்றவில்லை. பொய்யான சான்று நம் மொழியின் தொன்மைக்கு வேண்டுவதில்லை.

இவ்வளவும் பைஞ்சுதை ஆலைகளின் சூளைக்குச் சென்றுகொண்டிருக்கின்றது. வாரணவாசியில் காட்சியகம் உண்டு. மாணாக்கரை அழைத்துச் செல்லுங்கள். காரை ஓடைகளையும் காட்டுங்கள். ஓடுகளைப் பெயர்த்தெடுக்க விடாது, கண்ட இடத்தைக் குறித்துவரச் செய்யுங்கள்.