பெரிய டயர் மாட்டலாமா?



நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியை நாம் ‘ஃபோர்வீல்’ என்று சுருக்கமாக அழைக்கிறோம். ஒரு காலத்தில் தோட்ட நிருவாகிகளும் காட்டு இலாகாவினரும் மட்டுமே இத்தகைய வண்டிகளை ஓட்டினர். இன்று அப்படியில்லை. செம்பனைக் குலை ஏற்றும் குத்தகையாளர்கள், காய்கறித் தோட்டம் வைத்திருப்போர், வேலைக்குச் சென்று முதற் சேமிப்பில் ‘பிக்அப்’ வாங்கிய இளைஞர்கள் எனப் பலரும் இவ்வண்டிகளை வைத்திருக்கின்றனர். வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களில் இளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. கடையிலிருந்து வந்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய, முரட்டு டயரை மாட்ட வேண்டும் என்பதே அந்த ஆசை. “சார், பெரிய டயர் போட்டால் சேற்றில் மாட்டாது தானே?” என்று நம்மிடம் படித்த பிள்ளைகளே வந்து கேட்பதுண்டு.

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பெரிய டயரால் நன்மை உண்டு. அதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. டயர்க் கடையில் எண்ணித் தரும் வெள்ளி அந்த விலையில் ஒரு பகுதிதான். மற்றப் பகுதி என்னவென்று இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வோம். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிகளின் சில ரகங்கள் 265/65 ஆர் 17 என்ற அளவுள்ள டயருடன் வந்துள்ளன. இதில் 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இப்போது கணக்கிடுவோம். 265இல் 65 விழுக்காடு 172 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இருமுறை சேர்த்தால் சுமார் 344. பதினேழு அங்குலம் என்பது 432 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக இளைஞர்கள் விரும்பி மாட்டும் ஓர் அளவு 285/70 ஆர் 17. அதே முறையில் கணக்கிட்டால் அதன் உயரம் 831 மில்லிமீட்டர். வேறுபாடு 55 மில்லிமீட்டர். அதாவது 7 விழுக்காடு.

டயரின் உயரம் 55 மில்லிமீட்டர் கூடினால் வண்டியின் அடிவயிறும் அவ்வளவு உயரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் பாதிதான் உயரும். நமக்குக் கிடைப்பது சுமார் 27 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். ஆயினும் இந்த இரண்டு விரலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பின் அச்சின் நடுவில் குடம் போல் புடைத்திருக்கும் பல்லிணைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். லாரித் தடம் விழுந்த பாதையில் நடு மேட்டில் முதலில் இடிப்பது அதுதான். வில்லை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் உயரும். அந்தக் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. மேலும், பெரிய சக்கரம் பள்ளத்திலும் வேரிலும் சிறிய சக்கரத்தைவிட எளிதாக ஏறி இறங்கும். பெரிய டயரின் உண்மையான நன்மைகள் இவையே.

இனிக் கொடுக்கும் விலையைக் காண்போம்.

பள்ளியில் வட்டத்தின் சுற்றளவைப் படித்திருக்கிறோம். பழைய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 2.44 மீட்டர் நகரும். புதிய டயர் ஒரு சுற்றில் 2.61 மீட்டர் நகரும். வண்டியின் வேகமானி சக்கரமோ அச்சோ எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. டயர் மாறியது அதற்குத் தெரியாது. முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் இப்போது 90 என்று காட்டும்போது வண்டி 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாகத் தொழிற்சாலையில் மீட்டரை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுமாறு அமைக்கின்றனர். அது ஓட்டுநருக்கு ஒரு காப்பு. பெரிய டயர் மாட்டியவுடன் அந்தக் காப்பு கரைந்துவிடுகிறது. தூரக் கணக்கும் பிழையாகும். 10,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுவதாக நினைத்து நாம் 10,700 கிலோமீட்டரில் மாற்றிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, இழுவை. சைக்கிளில் இதை எளிதில் உணரலாம். மிதிபல் சக்கரமும் பின்பல் சக்கரமும் மாறாமல் பின் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் மேட்டில் மிதிக்கக் கால் வலிக்கும் அல்லவா? வண்டியின் எஞ்சினுக்கும் அப்படியே. 7 விழுக்காடு பெரிய டயர் மாட்டினால், ஒவ்வொரு கியரிலும் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ ஆறரை விழுக்காடு குறைகிறது. பின் அச்சின் பல் விகிதம் 3.9 என்றால், அது 3.64 ஆனதற்கு ஒப்பாகும். இழந்ததை மீட்க விரும்புவோர் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கரங்களையே மாற்றி, விகிதத்தை 4.17க்கு அருகில் கொண்டுவர வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும். அந்தச் செலவு சில வேளைகளில் டயரின் செலவையே விழுங்கிவிடும்.

மூன்றாவது, நிறுத்தம். இதுதான் உயிரோடு சேர்ந்த செய்தி. ஆகவே சற்றுக் கவனமாகக் கேளுங்கள். பிரேக் சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறது. டயர் தரையைத் தொடுமிடத்தில் நிறுத்துகிறது. நடுவுக்கும் தரைக்கும் உள்ள தூரம் கூடினால், அதே மிதிக்குக் கிடைக்கும் நிறுத்து விசை குறையும். அதோடு மீட்டர் ஏமாற்றுவதால் வேகமும் 7 விழுக்காடு கூடியிருக்கிறது. வேகம் 7 விழுக்காடு கூடினால் வண்டியின் இயக்க ஆற்றல் 14 விழுக்காட்டுக்கு மேல் கூடும். இரண்டையும் பெருக்கினால், மீட்டரில் அதே எண்ணைப் பார்த்து, காலால் அதே அளவு அழுத்தி மிதித்தால், வண்டி நிற்க ஏறக்குறைய 22 விழுக்காடு கூடுதல் தூரம் தேவைப்படும். முன்பு 40 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 49 மீட்டரில் நிற்கும். ஒன்பது மீட்டர் என்பது இரண்டு கார்களின் நீளம். பள்ளிவிட்டுச் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு இந்த ஒன்பது மீட்டர்தான் கணக்கு. காலை இன்னும் அழுத்தி மிதித்துச் சமாளிக்கலாம், உண்மைதான். ஆனால் அவசரத்தில் கால் பழகிய அளவில்தான் மிதிக்கும். இதற்குமேல், முரட்டு டயர் ஒவ்வொன்றும் பல கிலோ கூடுதல் எடை உள்ளது. சுமை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் விரைவில் சூடேறும். குறைந்த கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பிடிப்பும் முன்போல் இராது.

நான்காவது, இட நெருக்கடி. டயர் நேராக நிற்கும்போது உரசாமல் இருப்பது போதாது. ஸ்டியரிங்கை இடப்புறமும் வலப்புறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, வில் அழுந்திய நிலையிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். மட்கார்டின் உட்புறம், சேற்றுத் தடுப்பு, வண்டிச் சட்டம் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் உரசும். உரசலைத் தவிர்க்கச் சிலர் சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையில் வளையம் வைத்து வெளியே தள்ளுகின்றனர். அதனால் பேரிங்குகள்மீது சுமை கூடும். ஸ்டியரிங் கையை உதறும். வேறு சிலர் வண்டியையே உயர்த்துகின்றனர். அப்போது ஈர்ப்பு மையமும் மேலேறுகிறது. வளைவில் கவிழும் ஆபத்து மிகுகிறது.

அகலமான டயர்தான் சேற்றுக்கு நல்லது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இதுவும் முழு உண்மையன்று. 1948ஆம் ஆண்டு வெளிவந்த முதல் லேண்ட் ரோவரின் டயர் ஆறு அங்குல அகலம் மட்டுமே கொண்டது. மேலே குழைந்த சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள பாதையில், ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். அகலமான டயர் சேற்றின்மேல் வழுக்கும். மாறாக, அடியே காணாத சதுப்பிலும் மணலிலும் அகலமான டயர் அமிழாமல் மிதந்து செல்லும். நாம் அன்றாடம் போகும் பாதை எப்படிப்பட்டது என்பதை அறிந்த பின்னரே அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

டயரின் பூவையும் பார்க்க வேண்டும். பூ என்று நாம் சொல்வது அதன் வெட்டுப் பள்ளங்களை. பெரிய பெரிய கட்டிகளாக வெட்டிய சேற்று டயர் சேற்றை உதறித் தள்ளும். ஆனால் மழை நனைத்த தார்ச்சாலையில் அது தரையைத் தொடும் பரப்புக் குறைவு, வழுக்கல் மிகுதி, இரைச்சலும் மிகுதி. வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையிலும் ஒரு நாள் செம்மண் பாதையிலும் ஓடும் வண்டிக்கு, இரண்டுக்கும் பொதுவான நடுத்தர வகையே ஏற்றது.

அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் காணப்படும். 112 எஸ் என்றால் அந்த டயர் 1,120 கிலோ சுமையையும் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும். சேற்று டயர்களில் பெரும்பாலும் ‘கியூ’ எழுத்து இருக்கும். அதன் எல்லை 160. சுமை எண் பழைய டயரின் எண்ணுக்குக் குறையவே கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட தேதியும் உண்டு. 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய டயரை வாங்கும் தம்பிமார்கள் இந்த நான்கு இலக்கத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

மாற்றுவதானால் ஐந்தையும் மாற்றுங்கள். ஸ்பேர் டயரை மட்டும் பழைய அளவில் விட்டுவைத்து, அதை ஒரு நாள் மாட்டி நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அச்சுகளுக்கு இடையே முறுக்கு ஏறி, பற்சக்கரப் பெட்டி பழுதாகும். பெரிய ஸ்பேர் டயர் வண்டியின் அடியில் பழைய இடத்தில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்ட பின், செலவே இல்லாத ஒரு வழியைச் சொல்கிறோம். சேற்றில் வண்டி திணறும்போது, இருக்கும் டயரின் காற்றைக் குறைத்துப் பாருங்கள். 30 பவுண்டு அழுத்தத்திலிருந்து 20க்கு இறக்கினால், டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்பைக் கூட்டும். 15க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்றைக் குறைத்தபின் மெதுவாகவே செல்ல வேண்டும்; தார்ச்சாலை வந்தவுடன் மீண்டும் நிரப்பிவிட வேண்டும். ஓர் அழுத்தமானியும் ஒரு சிறு காற்றடிப்பானும் வண்டியில் இருந்தால் போதும். பலருடைய தேவை இதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்குமேலும் தேவையென்றால் ஒரு படி மட்டும் ஏறுங்கள். 265/70 ஆர் 17 என்ற அளவு மூல டயரைவிட மூன்றரை விழுக்காடுதான் பெரியது. மீட்டர், இழுவை, பிரேக் ஆகிய மூன்றிலும் மாற்றம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஆயினும் உரசுகிறதா என்று முன்சொன்னபடி பார்த்தே தீர வேண்டும். மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் விதிகளைக் கேட்டறியுங்கள். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டிருந்தால் தொல்லைதான். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். மாட்டிய பின் சக்கர நேர்ப்படுத்தலைச் செய்யுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர மரைகளை மீண்டும் முடுக்கிப் பாருங்கள்.

நேயர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, வண்டியில் இருக்கும் டயரின் எண்களையும் வாங்க விரும்பும் டயரின் எண்களையும் எழுதுங்கள். நாம் இன்று செய்தது போல் உயரத்தைக் கணக்கிடுங்கள். படிக்கும் தம்பி தங்கையர் வீட்டில் இருந்தால் அவர்களையே போடச் சொல்லுங்கள். வட்டத்தின் கணக்கு எதற்கு என்று அவர்கள் இனிக் கேட்கமாட்டார்கள். விடை மூன்று நான்கு விழுக்காட்டுக்கு மேல் போனால், பிரேக்கையும் பற்சக்கரத்தையும் பற்றிப் பட்டறைக்காரரிடம் பேசாமல் பணத்தை எண்ணாதீர்கள்.