கேரட் இலை மாதிரி ஒரு செடி

அம்மாக்களே, அக்காக்களே, பின்னால் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். இந்தப் பைக்குள் ஒரு செடி இருக்கிறது. கண்ணால் பாருங்கள். கையால் தொடாதீர்கள்.

இலை கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டாக இருக்கிறது. பூ வெள்ளை. மிளகு அளவுதான் இருக்கும். ஓரத்தில் ஐந்து முனை தெரியும். சிறு வயதில் இலை தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். அப்போது மரிக்கொழுந்து என்றுகூட நினைப்போம். மரிக்கொழுந்து மணக்கும். ஆனால் இதைக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டாம்!

இங்கே எல்லோரும் காங்கிரஸ் செடி என்பார்கள். புத்தகப் பெயர் பார்த்தீனியம். கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

இது நம் ஊர்ச் செடி அல்ல. மெக்சிகோ பக்கத்துச் செடி. 1955-ல் புனேயில் இதைக் கவனித்தார்கள். பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. மல்லேஸ்வரத்தில் எங்கே தேடலாம்? ரயில் பாதை ஓரம், சாக்கடை ஓரம், வீடு கட்டாத காலி மனை. தோண்டிப் போட்ட மண்ணும் வெயிலும் இருந்தால் போதும். அடர்ந்த மர நிழலில் அதிகம் வராது. ஒரு பெரிய செடி 15,000 விதைக்கு மேல் போடும். பக்கத்துச் செடிகளையும் வளரவிடாது.

என் சித்தி காலி மனைகளில் களை பறிக்கப் போவார். நாள் கூலி. கையுறை யாரும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கை, கழுத்து, கண் இமை எல்லாம் அரிப்பு. தோல் கறுத்துத் தடித்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூன்று சோப்பு மாற்றினோம். தோல் டாக்டர்தான், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். இந்தச் செடி எல்லோருக்கும் அரிப்பு தராது. பலநாள் பட்ட பிறகு சிலருக்கு வரும். பூந்தூள் மூக்கில் போனால் சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் வரும்.

பறிக்கத்தான் வேண்டும் என்றால், பூப்பதற்கு முன் பறியுங்கள். முளைத்து ஒன்றரை மாதத்திற்குள் பூத்துவிடும். மழை பெய்து மண் இளகியபோது வேரோடு வரும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள். கையுறை கொடுத்தால்தான் வேலை என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

இலையில் கோடு போட்ட சின்ன வண்டு இருந்தால் நசுக்காதீர்கள். இந்தச் செடியைத் தின்னத்தான் அதை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து, 1984-ல் நம் பெங்களூரில் விட்டார்கள். மழைக் காலத்தில் அது நன்றாகத் தின்னும்.

சித்தி இப்போது பூக் கட்டி விற்கிறார். மல்லிகை மட்டும்தான். சாமந்தியைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமந்தியும் இதுவும் ஒரே குடும்பமாம்.