மரநிழலில் புல்தரை



நாஞ்சில் நாட்டு உழவர்க்கு அறுகைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கும்பப்பூ நடவுக்கு வரப்புச் செதுக்கும்போது அதனோடு மல்லாடாதவர் யார்? வெட்ட வெட்டத் தழைக்கும் அந்த அறுகு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வருந்தி நட்டால் மட்டும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் பசுமையாயிருந்து, கோடையில் வெறும் மண்ணாகிறது. அடுத்த மழை அம்மண்ணை அரித்து வேரை வெளியே காட்டுகிறது. பிள்ளைகள் தடுக்கி விழுகின்றனர். பஞ்சாயத்துப் பணமும் மண்ணோடு போகிறது.

குற்றம் நட்டவருடையதன்று. அறுகு வெயிலுக்குப் பிறந்த புல். நாள்தோறும் 6 மணி நேரமாவது நேர் வெயில் படாவிடில் தண்டு நீண்டு, இலை மெலிந்து, திட்டுத்திட்டாக அழியும். மேல்மண்ணின் ஈரத்துக்கு மரத்தின் வேரும் போட்டியிடும். மேனாட்டு நூல்கள் நிழலுக்கெனக் கூறும் ஃபெஸ்க்யூ போன்றவையோ குளிர்நாட்டுப் புல்கள். நம் சித்திரை வெக்கையில் அவை நிழலிலும் பிழைப்பது அரிது. ஆகவே நமக்குத் தெரிவு குறைவு.

இருப்பவற்றுள் மேலானவை அகன்ற இலையுடைய இரண்டு புல்களே. ஆக்ஸோனோபஸ் என்னும் கம்பளப்புல் ஈரமான, சற்றே புளிப்பான மண்ணை விரும்பும்; மழை மிகுந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்குப் பொருந்தும். நெடிய வறட்சியைத் தாங்காது. செயின்ட் அகஸ்டின் புல் கடற்கரை உப்பையும் மணலையும் பொறுக்கும். அகஸ்தீஸ்வரத்துக் கடலோர ஊர்களுக்கு அதுவே தக்கது. மணிலாப் புல் அரைநிழலோடு சரி. நாற்றுப்பண்ணைகளில் ஒரே பெயரில் வெவ்வேறு புல்கள் விலையாவதுண்டு. பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குக.

வாங்குமுன் நிழலையும் பார்த்துவிட வேண்டும். காலை 8 மணி, உச்சி, மாலை 4 மணி ஆகிய மூன்று வேளையும் மரத்தடியில் நின்று நோக்குக. வெயில் புள்ளிகள் தரையில் ஆடினால் புல் நிற்கும். தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் இன்னும் நன்று. அடர்ந்த புளிய மரத்தடியில் எப்புல்லும் வேண்டாம். அங்கே ஆற்றுமணல் பரப்புவதைவிட, உதிரும் சருகை அப்படியே விட்டாலே மண் அரிக்காது; செலவும் இல்லை.

நிழற்புல்லை ஒட்ட வெட்டுவது பெரும் பிழை. வெளிச்சம் குறைந்த இடத்தில் இலைதான் அதன் முதல். நான்கு விரல் உயரமாவது விட்டு வெட்டுக. நீரைக் காலையில் விடுக. மாலை ஈரம் நிழலில் உலராமல் பூஞ்சணம் பற்றும்.

தென்னந்தோப்புக்காரர்கள் புல்தரையை விடத் தீவனத்தை விரும்புவர், அது நியாயமே. நிழல் பொறுக்கும் கினியாப்புல், அதிலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (ஜிஜி) 3, அங்கே ஏற்றது. மரத்தைச் சுற்றி 6 அடி விட்டு நடுக. 8 முதல் 25 வயது வரையுள்ள தென்னையின் கீழ் வெளிச்சம் மிகக் குறைவாதலால் பெரு விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளித் திடல் முழுவதையும் ஒரே முறையில் பதிக்கத் தீர்மானம் போடாதீர்கள். வரும் புரட்டாசியில் மரத்தடியில் பத்தடிச் சதுரம் மட்டும் நடுக. பங்குனி கடந்தும் அது பசுமையாயிருந்தால் மீதிக்குப் பணம் ஒதுக்கலாம்.